ஒரிஜினலின் முன் பிரேக்

பெற்றவர்கள் வைத்த பெயர் அவருடைய சம்பளச் சீட்டில் மட்டும்தான் இருக்கிறது. தெருவுக்கும் ஆலைக்கும் அவர் ‘ஒரிஜினல்’. சட்டை தைக்கும் ஆலையில் செக்கிங் மேசைக்கு முன்னால் இருபத்திரண்டு வருடம் உட்கார்ந்தவர். தைத்து வரும் சட்டைகளைக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்ப்பார். காலரில் ஒரு நூல் நீட்டிக்கொண்டிருந்தால் போதும், அந்த இடத்தில் ஒரு சின்னச் சிவப்பு அம்பு ஸ்டிக்கரை ஒட்டித் தள்ளிவிடுவார். அதோடு நின்றிருந்தால் நல்ல மனிதர் என்று சொல்லியிருக்கலாம். ஸ்டிக்கர் தாள் சட்டைப் பையில் வீட்டுக்கும் வரும். சரியாக மூடாத அலமாரிக் கதவில் ஓர் அம்பு. மனைவி இஸ்திரி போட்ட பேன்ட்டில் இரட்டைக் கோடு விழுந்தால் அங்கே ஓர் அம்பு. வாயால் சொன்னால் சண்டை வருமாம், அதனால் ஒட்டிவிட்டுப் பேசாமல் இருப்பாராம். என்ன ஒரு பெருந்தன்மை!

உலகத்தில் அவர் அம்பு ஒட்டாத பொருள் ஒன்றே ஒன்றுதான். அது அவருடைய பதினெட்டு வருடத்து பைக். “ஒரு நட்டுகூட வெளிய வாங்கிப் போட்டதில்ல. எல்லாம் ஒரிஜினல்” என்று கேட்டவருக்கும் கேட்காதவருக்கும் சொல்லுவார். கூடவே, மனைவியின் தம்பி ஒரு காலத்தில் ஓட்டிய பச்சை வண்டியைத் ‘தகர டப்பா’ என்று ஒரு வாரு வாராமல் பேச்சை முடிக்க மாட்டார். அந்த மச்சினன் வண்டியை எடைக்குப் போட்டே பதினோரு வருடம் ஆகிறது. வாருவது மட்டும் நிற்கவில்லை.

அந்த ஒரிஜினல் வண்டியின் முன் பிரேக் ஒரு மாதமாகக் கர்ர் கர்ர் என்று கத்தியது. மனைவி சொல்லிப் பார்த்தாள். “கத்தினா நல்லா பிடிக்குதுன்னு அர்த்தம்” என்றார் நிபுணர். அவளுக்கு ஆஸ்பத்திரியில் நோயாளிகளுக்குச் சீட்டு எழுதும் வேலை; தினமும் அவர்தான் வண்டியில் கொண்டுபோய் விடுவார். ஒரு நாள் காலை ஆஸ்பத்திரி இறக்கத்தில் அவர் பிரேக்கைப் பிடித்தார். வண்டி நிற்காமல், ஓரமாக நின்ற காய்கறி வேனின் முதுகில் போய் முட்டியது. அவருக்கு ஒரு கீறல் கிடையாது. அவளுக்கு முழங்காலில் நாலு தையல்.

“இனிமே பஸ்ல போறேன். பிரேக்க ஒழுங்கா சரி பண்ணுங்க, அப்புறம் ஏறலாமா வேணாமான்னு பாக்கறேன்” என்றாள். போகிறபோக்கில், “எதுக்கும் என் தம்பியை ஒரு வார்த்தை கேட்டுக்குங்க” என்றும் சொன்னாள்.

“தகர டப்பா ஓட்டினவனையா? அவனுக்கு என் வண்டியப் பத்தி என்ன தெரியும்?”

அவள் வண்டியின் முன் சக்கரத்தை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு காலை இழுத்து இழுத்து நடந்து போனாள். இரண்டு பஸ் மாற வேண்டும். வருடக்கணக்காகத் தன் இடது தோளில் இருந்த கை அங்கே இல்லாதது அவருக்கு என்னவோபோல் இருந்தது. அவள் மறுபடி ஏற வேண்டும் என்று உள்ளுக்குள் தவித்தார். ஆனால் அதை வாய்விட்டுச் சொல்ல அவர் என்ன சாதாரண ஆளா?

இத்தனை வருடமும் பேடு மாற்றித் தந்த மெக்கானிக் கடையை மூடிவிட்டார்; அதனால் பழைய பிரேக் பேடுகளைத் தானே கழற்றிப் பார்த்தார். தேய்ந்து வெறும் இரும்பாகியிருந்தன. நேராகக் குப்பை வண்டியில் போட்டார். செக்கிங்கில் கழித்த சரக்கை யாராவது கையில் வைத்துக்கொண்டு அலைவார்களா? பேடு வாங்கப் போகிறவன் பழைய பேடைக் கையில் எடுத்துக்கொண்டு போவது ஊரறிந்த வழக்கம். அது விவரம் கெட்டவர்கள் செய்யும் வேலை என்பது அவர் கட்சி. விவரமுள்ள அவர் வண்டிப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு போனார்.

முதல் கடைக்காரர் புத்தகத்தைப் பார்த்து ஒரு ஜோடி கொடுத்தார். வீட்டில் மாட்டிப் பார்த்தால், பேடைப் பிடித்து நிறுத்தும் பின் நுழையும் ஓட்டை ஒரு விரற்கடை தள்ளி நின்றது. திரும்பப் போய்க் கடை வாசலில் சாமியாடினார். “டூப்ளிகேட் விக்கிறியா? உன் கடையவே கழிச்சுக் கட்டணும்யா!” கடைக்காரர் பேடைக் கண்ணாடி மேசைமேல் வைத்து, “புத்தகத்துல உள்ள வண்டிக்கு இதுதான் சார். பழசு இருந்தா கொண்டாங்க” என்றார்.

இரண்டாவது கடையில் சீல் பிரிக்காத கம்பெனிப் பெட்டி கிடைத்தது. அதிலும் ஓட்டை அதே ஒரு விரற்கடை தள்ளி. ஆன்லைனில் வரவழைத்ததும் அதே கதை. மூன்று இடத்துச் சரக்கும் ஒன்றோடொன்று அச்சாகப் பொருந்தின. மூளை என்று ஒன்று இருப்பவன் அந்த இடத்தில் ஒரு நிமிடம் யோசித்திருப்பான். ஒரிஜினலோ, மூன்று பேரும் ஒரே திருடனிடம் சரக்கு எடுக்கிறார்கள் என்று முடிவு கட்டி, மூன்று பெட்டிக்கும் அம்பு ஒட்டினார். மூன்று வாரம் ஓடிப்போனது. அவள் பஸ்ஸில்தான் போய் வந்தாள்.

நாலாவது கடைக்கு வண்டியையே, பின் சக்கரப் பிரேக்கை மட்டும் நம்பி, உருட்டிக்கொண்டு போனார். கல்லாவில் ஓர் அம்மா, கண்ணாடியைத் தலைக்கு ஏற்றிவிட்டு ஸ்பார்க் பிளக்குகளை எண்ணிக்கொண்டிருந்தார்.

“பழைய பேடு?”

“தூக்கிப் போட்டாச்சு. புத்தகம் இருக்கு.”

“புத்தகத்தையா சார் சக்கரத்துல மாட்டப் போறீங்க?” என்று எழுந்து வெளியே வந்தார். முன் சக்கரத்துக்குப் பக்கத்தில் குந்தி, டார்ச் அடித்து, பேடு உட்காரும் காலிப்பரைத் தடவிப் பார்த்தார். “இது உங்க வண்டியோடதே இல்லையே. ஃபோர்க், சக்கரம், டிஸ்க், காலிப்பர், மொத்த முன்பக்கமும் வேற கம்பெனி. எந்த வண்டியிலிருந்து எடுத்துப் போட்டீங்க?”

“அதெல்லாம் ஒண்ணும்...” என்று ஆரம்பிக்கும்போதே அவருக்குப் பழசு ஞாபகம் வந்தது.

பதினோரு வருடத்துக்கு முன்னால் ஒரு பள்ளத்தில் விழுந்து வண்டியின் ஃபோர்க் வளைந்தது. அப்போது தன் பச்சை வண்டியை எடைக்குப் போட இருந்த மச்சினன், “மாமா, முன்பக்கம் நல்லா இருக்கு, எடுத்துக்குங்க” என்று கழற்றிக் கொண்டுவந்து தந்தான். வீட்டு வாசலில் வைத்துத்தான் மெக்கானிக் மாட்டினார். வண்டி சாயாமல் ஹேண்டிலை இரண்டு மணி நேரம் பிடித்துக்கொண்டு நின்றது மனைவி. கறுப்பு பெயின்ட் அடித்த அன்றைக்கே அவர் அதை மறக்க ஆரம்பித்துவிட்டார். சொல்லிச் சொல்லித் தன் புளுகைத் தானே நம்பிவிட்டார்.

“எந்த வண்டி சார்?”

பக்கத்தில் யாருமில்லை என்று பார்த்துவிட்டு, மச்சினன் வண்டியின் பெயரைச் சொன்னார்.

“ஓ, அப்ப பச்சைக் கலர்ல மட்டும் வந்துச்சே, அந்த வண்டியா!” கடைக்கார அம்மா உள்ளே பார்த்து, தெருவுக்கே கேட்கிற மாதிரி குரல் கொடுத்தார். பேடு வந்தது. கடை வாசலிலேயே மாட்டினார்கள். டக்கென்று உட்கார்ந்தது. பச்சை வண்டியின் பெயர் போட்ட அட்டைப் பெட்டியை அவர் நாலாகக் கிழித்துக் கடைக் குப்பைத் தொட்டியில் போட்டுவிட்டு வந்தார்.

மறுநாள் காலை மனைவி பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வாசலுக்கு வந்தாள். அவர் வண்டியில் உட்கார்ந்து, முன் பிரேக்கை அழுத்தி அழுத்திக் காட்டினார்.

“பிடிக்குதா?”

“கல்லு மாதிரி நிக்குது. ஏறு.”

அவள் சீட்டின்மேல் கை வைத்தாள். ஏறத்தான் போனாள். “எந்த வண்டி பேடு?”

அவர் கண்ணாடியைத் திருப்பிச் சரிசெய்வதுபோல் குனிந்தார். “நம்ம வண்டியோடதுதான். ஒரிஜினல்.”

அவள் கையை எடுத்தாள். அவருடைய சட்டைப் பைக்குள் விரலை விட்டு, ஸ்டிக்கர் தாளை உருவி, ஓர் அம்பைப் பிய்த்தாள். பெட்ரோல் டேங்கின்மேல், அவரைப் பார்த்து நிற்கும்படி நேராக வைத்து, கட்டைவிரலால் நன்றாக அழுத்தி ஒட்டினாள்.

பிறகு பையைச் சரிசெய்துகொண்டு பஸ் ஸ்டாப்புக்கு நடந்தாள்.