இடது காதுக்கு ஒரு மணி நேரம்

கடந்த ஜூன் பதினேழாம் தேதி, மாலை ஐந்தரை மணி. கல்லூரி விடுமுறைக்குப் பெரியநாயக்கன்பாளையத்தில் அக்கா வீட்டில் தங்கியிருந்தேன். சொசைட்டிக்குப் பால் ஊற்றக் கிளம்பிய அக்கா, ஐந்து வயது மகளை என்னிடம் விட்டுச் சென்றாள்.

குழந்தைக்குப் பிறவியிலேயே செவித்திறன் இல்லை. ஒன்றரை வயதில் வலது காதிலும், நான்கு வயதில் இடது காதிலும் அறுவை சிகிச்சை செய்து கருவி பொருத்தினார்கள். அதற்கு ஒலியை அனுப்பும் மிஷின் காதுக்குப் பின்னால் இருக்கும். தினமும் மாலையில் ஒரு மணி நேரம் வலது மிஷினைக் கழற்றிவிட்டு, இடது காதால் மட்டும் கேட்கப் பழக்க வேண்டும்.

அன்றும் அக்கா அதைக் கழற்றிவிட்டுப் போன பத்தாவது நிமிடம் குழந்தை சிணுங்கியது. “சித்தி, உங்க வாய் மட்டும் ஆடுதுங்க, பேச்சே வரலீங்க.” என் குரல் இயல்பிலேயே தணிவானது என்பதால், குற்றம் என்னுடையது போலப் பட்டது. மனம் பொறுக்காமல் வலது மிஷினை மாட்டிவிட்டேன். முகம் மலர்ந்து பள்ளிக்கூடத்துக் கதையெல்லாம் கொட்டியது. அடுத்த இரண்டு மாலைகளும் அப்படியே செய்தேன்.

நான்காம் நாள், அக்கா வாசலைத் தாண்டுமுன்பே, “சித்தி, போட்டு உடுங்க” என்று மிஷினை என்னிடம் நீட்டிவிட்டது.

அக்கா கோபப்படவில்லை. “ஏன் அம்மணி, பாவம் பாத்துட்டயாக்கும்?” என்று கேட்டுவிட்டு, மருத்துவமனைக் கோப்பை எடுத்து வந்தாள். ஒவ்வொரு காதிலும் விழும் ஒலிக்கு மூளை எப்படி விடையளிக்கிறது என்று பதிவு செய்த வரைபடங்கள் அதில் இருந்தன. இடது கருவி பொருத்திய புதிதில், வலது காதுக்கு அலைகள் உயர்ந்து நின்றன. இடது காதுக்கோ ஏறக்குறைய நேர்கோடு. ஓராண்டு கழித்து எடுத்ததில் அந்தக் கோடு சற்றே மேடிட்டிருந்தது.

“ரெண்டரை வருசமா மூளை வலது காதையேதான் நம்பியிருந்துச்சு. சின்னதுலயே பழக்காம உட்டுப்போட்டா, அப்பறம் இந்தப் பக்கம் திருப்பறது செரமம்னு டாக்டரம்மா சொன்னாங்க.”

அந்தச் சின்ன மேட்டை விரலால் தடவிப் பார்த்தேன். பால் ஊற்றி, சமைத்து, துணி துவைத்து, இடையில் ஒரே சொல்லை நாற்பது முறை சொல்லி அக்கா எழுப்பிய மேடு அது. இலக்கியம் படிக்கும் நான், ஒரு சொல் இன்னொருவரைச் சென்றடைய எவ்வளவு உழைப்பு தேவை என்பதை அதற்கு முன் எண்ணிப் பார்த்ததில்லை.

மறுநாள் காலை, நான் வீணாக்கிய மூன்று மணி நேரத்தை ஈடுகட்ட, நானே வலது மிஷினைக் கழற்றி வைத்தேன். காய்கறிக் கூடையுடன் இடப்பக்கம் அமர்ந்தேன். உதட்டசைவைப் பார்த்து ஊகிக்காதபடி தட்டால் வாயை மறைத்துக்கொண்டு, நான் அதுவரை பேசியிராத உரத்த குரலில் “தக்காளி” என்றேன். குழந்தை வெண்டைக்காயை எடுத்து நீட்டியது.

மறுபடியும் சொன்னேன்.