பாதி மிதிச்ச ஆக்ஸிலேட்டர்

எமிஷன் டெஸ்ட் போடுற கடைக்கு யாரும் பிரியப்பட்டு வர்றதில்ல. போலீஸ் மடக்கினாதான் எங்க ஞாபகமே வரும். கோலார் தங்கவயல்ல, சாம்பியன் ரீப்ஸ் போற ரோட்டோரம், பழைய வேன் ஒண்ணுல கம்ப்யூட்டரையும் புகை அளக்குற மெஷினையும் வெச்சுக்கிட்டு எட்டு வருஷமா உக்காந்திருக்கேன். பஸ்ஸுக்குப் பின்னாடி மாட்டிக்கிட்டு கர்சீப்பால மூக்கைப் பொத்தினவங்க எல்லாரும் எனக்கு உறவுதான். உங்ககிட்ட சொல்லாம வேற யாருகிட்ட சொல்லுவேன்?

வண்டி வராத டெஸ்ட்

காலையில ஏழு மணிக்குள்ள ஊர்ல பாதி ஜனம் பெங்களூர் ரயிலேறிப் போயிடும். அப்புறம் ரோட்டுல நானும் நாய்ங்களும்தான். பொழுதன்னிக்கும் ஒருத்தர்கூடப் பேசாத நாளுங்க உண்டு, மனசு கெடந்து அடிச்சுக்கும். அப்படி ஒரு நாள் பென்ஷன்காரர் ஒருத்தர் வந்தாரு. சந்தோஷமா புகை பிடிக்கிற பைப்பைத் தூக்கிக்கிட்டு இறங்கினா வண்டியக் காணோம். போன்ல நம்பர் பிளேட் போட்டோவ நீட்டி, இதுக்கு சர்ட்டிபிகேட் போடுங்குறாரு. வண்டி எங்கன்னு கேட்டேன்.

"வண்டிய எடுத்தா தெருவே புகையாயிடுதுப்பா, அதான் நடந்து வந்தேன்."

பழைய பழி

எங்க ஊர்ல யாரு இருமினாலும் பழி சுரங்கத்து மேலதான். மைன்ஸ் மூடி எத்தனையோ வருஷம் ஆயிடுச்சு, பழி மட்டும் மூடல. ஒரு மினி லாரிக்காரன் வந்தான், முப்பது வயசு இருக்காது. டெஸ்ட்னா ஆக்ஸிலேட்டர முழுசா மிதிக்கணும், மிதிக்கச் சொன்னேன். கரும்புகை கக்கிச்சு, அவனே இறங்கி ஓரமா நின்னு இருமு இருமுன்னு இருமினான். "தினம் இதைத்தானே முழுங்குற, மொதல்ல இன்ஜினைச் சரி பண்ணு, இப்படியே சர்ட்டிபிகேட் தரமுடியாது"ன்னேன். அவனுக்கு ரோஷம் வந்துடுச்சு.

"இன்னாணா நீ, எங்க தாத்தா மைன்ஸ் ஷாஃப்ட்ல இறங்கினவரு, இந்த இருமல் பரம்பரையா வர்றது, வண்டி மேல பழி போடாத."

டேவிட்டோட டெம்போ

அவனைப் பார்த்து சிரிச்சேனே தவிர, நானும் ஒண்ணும் யோக்கியன் இல்ல. எங்களது மைன்ஸ் காலத்து லைன் வீடு. பக்கத்து வீட்டுல தாளிச்சா எங்க வீட்டுல தும்முவோம். பக்கத்து வீட்டு டேவிட்டுக்கு ஒரு டீசல் டெம்போ. தினம் காலையில எங்க ஜன்னலுக்கு நேரா நிறுத்தி, கால் மணி நேரம் இன்ஜினை ஓடவிட்டு சூடு பண்ணுவான்.

டெஸ்டுக்கு வந்தப்ப நான்தான் சொன்னேன், பாதி மிதிச்சா போதும்னு. முழுசா மிதிச்சா பாஸ் ஆகாதுன்னு எனக்குத் தெரியும். கிறிஸ்மஸுக்கு கேக்கு, பொங்கலுக்குக் கரும்புன்னு பழகுற வீட்டுக்கு எப்படிங்க ஃபெயில் போடுறது? மூணு தடவை பாஸ் போட்டேன். டேவிட் என் கையைப் பிடிச்சுக்கிட்டான்.

"கூடப் பொறந்தவங்ககூட இப்படிச் செய்யமாட்டாங்கணா."

முல்பாகல் ஞாயிறு

என் சம்சாரம் கலாவுக்கு மூச்சு வாங்க ஆரம்பிச்சுது. அவ அப்பா நந்திதுர்க் மைன்ஸ்ல வேலை செஞ்சவரு. அங்கிருந்து வந்த நோவுதான்னு ரெண்டு வருஷம் கஷாயமா குடுத்தேன், முட்டாள். ஒரு நாள் உதடு நீலமாயிடுச்சு, கோலார் டவுன் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டு ஓடினேன். அங்க டாக்டரம்மா மைன்ஸ் கதைய முழுசா கேட்டாங்க. அப்பா முழுங்கின தூசி மகளுக்கு வராது, வீட்டுக்கிட்ட தினம் என்ன புகைன்னு கேட்டாங்க. கலாதான் டெம்போவைச் சொன்னா. புகை இல்லாத இடத்துல இருக்கணும், வீட்டுக்காரர் சட்டையில ஒட்டின புகைகூட ஆகாதுன்னுட்டாங்க.

இப்ப அவ முல்பாகல்ல தங்கச்சி வீட்டுல இருக்கா. அடுத்த டெஸ்டுக்கு டேவிட் வந்தப்ப முழுசா மிதிக்கவெச்சு ஃபெயில் போட்டேன். பேச்சை நிறுத்திட்டான். வேற எங்கயோ பாஸ் வாங்கிட்டு வந்து, அதே ஜன்னல்கிட்டதான் இன்னும் நிறுத்துறான். கலா எப்படித் திரும்பி வருவா?

ஞாயித்துக்கிழமை தலைக்குக் குளிச்சு, துவைச்ச சட்டை போட்டுக்கிட்டு அவளைப் பார்க்கப் போவேன். போன வாரம் மனசு தாங்காம, பாதி மிதிச்ச கதையச் சொல்லிட்டேன். கேட்டுட்டு அவ ஒண்ணே ஒண்ணுதான் கேட்டா.

"மூணு தடவையில ஒரு தடவையாவது என் ஞாபகம் வரலியா?"

இப்ப எல்லா வண்டியையும் முழுசா மிதிக்கவெக்கிறேன், அதனால கடைக்கு ஆள் வர்றது நின்னுபோச்சு, இதை வீட்டுல போய்ச் சொல்லலாம்னா அங்கயும் ஆள் இல்ல.