லக்தர் மேசைச் சர்க்கரை

எங்கள் ஊரான நெத்ரோமாவில் ஜிலாலியின் காபிக்கடை இருந்த இடத்தில் இப்போது கைபேசி விற்கிறார்கள். அந்தப் பக்கம் போனால் இன்றைக்கும் என் கால் தானாக நின்றுவிடுகிறது. உள்ளே இருப்பவர்கள் ஏதோ வாங்க வந்தவன் என்று எழுந்து நிற்பார்கள். எனக்கு வேண்டியது அங்கே இல்லை.

ஜிலாலி பள்ளிக்கூடம் போனதில்லை. ஆனால் யார் எத்தனை சர்க்கரைக் கட்டி போடுவார்கள் என்று நாற்பது பேர் கணக்கு அவர் தலைக்குள் இருந்தது. நான் எதிரிலிருந்த அரசு மருந்தகத்தில் ஊசி போடுகிறவன். சர்க்கரை நோய் பற்றி ஒரு பெரிய படத்தைக் கொண்டுபோய் அவர் கடைச் சுவரில் ஒட்டினேன். ஒரே வாரத்தில் அதைக் கிழித்துத் திருப்பிப்போட்டு டொமினோ ஆட்டப் புள்ளிகளை எழுதிக்கொண்டிருந்தார்கள். எனக்கு வந்த கோபத்தில் மொத்தக் கடையையும் கழுதைகள் என்று திட்டினேன். ஜிலாலி என்னை உட்காரவைத்து ஒரு காபி கொடுத்தார், நான்கு கட்டி போட்டு. நானும் குடித்தேன்.

அந்தக் கடையில் என் தூக்கத்தைக் கெடுத்தவர் மனுவர். ஊர்த் தபால்காரர். மலைச்சரிவில் இருக்கும் ஊர் எங்களுடையது. படியும் சந்துமாக ஏறி இறங்குவதுதான் அவர் பிழைப்பு. இடது கால் கட்டைவிரலை ஏற்கெனவே எடுத்தாயிற்று. பாதத்தில் ஒரு புண் ஆறாமல் இருந்தது. சர்க்கரை குறையாவிட்டால் அடுத்தது பாதம்தான் என்று திலெம்சென் நகரத்து டாக்டர் சொல்லி அனுப்பியிருந்தார். வீட்டில் மனைவி சர்க்கரையைப் பூட்டி வைத்தாள். மனுஷன் கடைக்கு வந்து, நாளுக்கு ஐந்து காபி, காபிக்கு நான்கு கட்டி என்று போட்டுக்கொண்டார். நான் கெஞ்சினேன், மிரட்டினேன், வெட்டிய கால்களின் படத்தைக் காட்டினேன். பார்த்துவிட்டு இன்னொரு கட்டி போட்டார்.

அவருக்கும் லக்தருக்கும் ஏழு வருஷமாகப் பேச்சு கிடையாது. ஒரே தட்டில் சாப்பிட்டு வளர்ந்தவர்கள். லக்தர் தன் மகள் கல்யாணத்துக்கு நேரில் வந்து கூப்பிடாமல் ஆள் விட்டுச் சொன்னார், மனுவர் போகவில்லை, அதோடு முறிந்தது. லக்தருக்குக் கடிதம் வந்தால் மனுவர் கதவைத் தட்டமாட்டார். அடியில் தள்ளிவிட்டு நடப்பார். கடையில் மனுவர் வாசலோரம், லக்தர் கடிகாரத்துக்குக் கீழே மூலையில்.

ஒருநாள் ஜிலாலி எல்லா மேசையிலிருந்தும் சர்க்கரைக் கிண்ணத்தை எடுத்துவிட்டார். சர்க்கரை வரத்து இல்லை, கடைக்கே ஒரு கிண்ணம்தான், வேண்டியவர்கள் எழுந்துபோய் எடுத்துக்கொள்ளுங்கள் என்றார். அந்த வருஷங்களில் எங்கள் நாட்டில் இல்லாத சாமான்களின் பட்டியல் நீளம் என்பதால் ஒருவரும் சந்தேகப்படவில்லை. அந்த ஒற்றைக் கிண்ணத்தை லக்தரின் மேசையில் வைத்தார்.

மனுவர் முதல் நாள் ஜிலாலியையே எடுத்துவரச் சொன்னார். கை ஒழியவில்லை, அதோ இருக்கிறது என்றார் ஜிலாலி. கூட டொமினோ ஆடுகிறவர்களை அனுப்பலாம். ஆனால் ஆள் விட்டான் என்றுதானே ஏழு வருஷமாக லக்தரைத் திட்டிக்கொண்டிருக்கிறார்? தானே எப்படி ஆள் விடுவது? முகத்தைச் சுளித்துக்கொண்டு வெறும் காபியைக் குடித்தார்.

இது ஏமாற்று வேலை இல்லையா என்று நான் ஜிலாலியிடம் சண்டைக்குப் போனேன். உண்மையில் எனக்குப் பொறாமை.

"டாக்டரே," என்றார். என்னைக் கிண்டலாக அப்படித்தான் கூப்பிடுவார். "சக்கரைய எடுக்குறது அவன் இல்ல, அவன் கை. கைக்கு எட்டுனா எடுக்கும். எட்டாட்டி கொஞ்ச நாள்ல மறந்துரும்."

ஆறு மாதத்தில் மனுவரின் புண் ஓரங்களிலிருந்து மூட ஆரம்பித்தது. கட்டு மாற்றும்போதெல்லாம் நான் அதை வெட்கமில்லாமல் ரசித்தேன். எழுந்துபோக அலுப்புப்பட்ட மற்றவர்களும் ஒரு கட்டியோடு நிறுத்திக்கொண்டார்கள். லக்தர் மட்டும் ஒருநாள்கூட அந்த இடத்தை விட்டதில்லை. காய்ச்சல் கண்டபோதும் போர்வையைச் சுற்றிக்கொண்டு வந்து கிண்ணத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். காபிக்கு அலைகிறார் என்று நினைத்தேன்.

நோன்புப் பெருநாள் நெருங்கியது. அன்றைக்குப் பகையோடு யாரும் வீடு திரும்பக்கூடாது. அதுவரை வேறு வேறு வாசல் வழியாக நழுவிய இருவரையும் இந்த முறை தானே பிடித்து நிறுத்தப்போவதாக இமாம் சொல்லிவிட்டார். ஊரே சந்தோஷப்பட்டது. ஜிலாலி சோறு இறங்காமல் கிடந்தார்.

"ரெண்டு பேரு சண்ட நீடிக்கணும்னு துஆ கேட்டுட்டேன் டாக்டரே," என்றார் என்னிடம். "என்னை மாதிரி பாவி உண்டா?"

பெருநாள் காலை, தொழுகை முடிந்ததும் பள்ளிவாசல் முற்றத்தில் இமாம் இரண்டு பேரின் கையையும் பிடித்துச் சேர்த்தார். தழுவிக்கொண்டார்கள், ஒரு வார்த்தை இல்லாமல். பிறகு கடைக்கு வந்தார்கள். மனுவர் நேராக மூலைக்குப் போய் லக்தருக்கு எதிரில் உட்கார்ந்தார். ஜிலாலி காபியைக் கொண்டுபோய் வைத்தார்.

"சக்கரைய இப்படித் தள்ளு," என்றார் மனுவர். ஏழு வருஷத்தில் முதல் பேச்சு அதுதான்.

லக்தர் கிண்ணத்தின் வாயைக் கையால் மூடினார். "தர மாட்டேன்."

"நல்ல நாளும் அதுவுமா, ஒரு கட்டிக்கு வழியில்லையா?"

"ஆறு மாசமா இத வச்சுக்கிட்டு எதுக்கு உக்காந்திருக்கேன்னு நெனச்ச?" லக்தர் கிண்ணத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். "நேர்ல வந்து கூப்பிடாதது என் தப்புதான்டா. நீ கடுதாசிய அடியில தள்ளிட்டுப் போவ, நான் கதவுக்குப் பின்னால நின்னு உன் காலடிச் சத்தத்தக் கேட்டுக்கிட்டிருப்பேன். இனிமே தட்டு. படியேறி வந்து தட்டு. அதுக்குக் கால் வேணும்."

மனுவர் தம்ளரை எடுத்தார். சர்க்கரையில்லாமல் அப்படியே குடித்தார். ஜிலாலி அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டு கழுவிய தம்ளர்களையே மறுபடி கழுவினார். நானும் சுவரைப் பார்த்துக்கொண்டு அழுதேன்.

பத்தொன்பது வருஷம் கழித்து ஜிலாலி இறந்தார். அடக்கம் செய்யும் மையவாடி எங்கள் ஊரில் மேட்டில் இருக்கிறது, செங்குத்தான பாதை. உடலை ஏந்திய சந்தூக்கின் முன்பக்கம் ஒரு தோள் லக்தருடையது, மறு தோள் மனுவருடையது. இருவருக்கும் எழுபது தாண்டியிருந்தது. தோள் மாற்றிக்கொள்ள இளவட்டங்கள் ஓடி வந்தார்கள். லக்தர் பாதி வழியில் விட்டுக்கொடுத்தார். மனுவர் விடவில்லை. இரண்டு கால்களாலும் உச்சிவரை ஏறினார்.