அன்று எழுதாமல் விட்ட டிக்கட்

2011ஆம் ஆண்டு, மெல்பேர்னில் கடுங்குளிர் காலம். ஸ்பிரிங்வேலுக்கு அந்தப் பக்கம் ஒரு மருத்துவமனைத் தெருவில் எனக்கு வேலை. நேரம் கடந்து நிற்கும் கார்களுக்கு அபராத டிக்கட் எழுதும் வேலை. ஊரார் சாபத்தில் சம்பளம் வாங்குகிற மனுசன் என்று என் மனைவி கேலி செய்வாள்.

அந்தத் தெருவில் ஒரே கம்பத்தில் மூன்று பலகைகள். தெருவோரம் மஞ்சள் கோடு என்றால் நிறுத்தவே கூடாது. பச்சைப் பலகையில் இரண்டு என்றிருந்தால் இரண்டு மணி நேரம். நான் டயரில் சோக்குக் கட்டியால் ஒரு கோடு இழுத்துவிட்டுப் போவேன். திரும்பி வரும்போதும் கோடு அசையாமல் இருந்தால் டிக்கட்தான். "நம்மட ஆள்தானே, விடுங்கோவன்" என்பவர்களையும் விடுவதில்லை. அதில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனமும் இருந்தது.

அன்று ஒரு பழைய வெள்ளைக் காரின் கோடு அப்படியே இருந்தது. எழுதப் போனவன், உள்ளே சின்னப் பிள்ளையார் இருப்பதைப் பார்த்துவிட்டேன். ஒரு தடவை நம்மவருக்கு உதவினால் என்ன என்று யோசித்து நிற்கும்போதே காரின் சொந்தக்காரர் ஓடி வந்தார். ஐம்பது வயதிருக்கும், நெற்றியில் திருநீறு. கதவைத் திறந்து பின் சீற்றிலிருந்து ஒரு சோடிக் கம்பளிக் காலுறையை எடுத்தார்.

"அண்ணை, நேரம் முடிஞ்சுது. இப்பவே காரை மாத்தி விடுங்கோ. இல்லாட்டி நான் டிக்கட் எழுத வேணும்" என்றேன்.

"பெரிய உபகாரம் தம்பி. மனுசி ஆசுப்பத்திரியிலை, மேலை வாட்டிலை. கால் குளிருதெண்டவ, அதுதான் எடுக்க வந்தனான். மாத்திப்போட்டே போறன்."

காலுறையை முன் சீற்றில் வைத்து, என்னைக் கும்பிட்டுவிட்டுக் கிளம்பினார். எனக்கு மனம் நிறைந்திருந்தது. வீட்டுக்குப் போய் மனைவியிடம் பெருமையடித்தேன்.

அடுத்த வாரம் அதே கார், அதே தெரு. அவர் மருத்துவமனையில் ஏதோ கடிதம் வாங்க வந்திருந்தார்.

"வாட்டிலை இருந்த அக்காவுக்கு இப்ப சுகமோ?" என்று கேட்டேன்.

"அவ அண்டைக்கே போயிட்டா தம்பி. நான் இறங்கேக்கை கதைச்சுக்கொண்டுதான் இருந்தவ. கார் விட இடம் தேடி மூண்டு தெரு சுத்தினனான். ஏறிப் போகேக்கை எல்லாம் முடிஞ்சுது. என்னைக் கேட்டவவாம்."

என் முகத்தைப் பார்த்திருப்பார் போலும். "நீங்கள் நல்லதுக்குத்தானே சொன்னனீங்கள்" என்று என் தோளில் தட்டினார். மனைவியைப் பறிகொடுத்தவர் எனக்கு ஆறுதல் சொன்னார். முன் சீற்றில் அந்தக் காலுறைகள் அப்படியே கிடந்தன.

பிறகு பலகையை நிமிர்ந்து பார்த்து, "இதிலை காரை எவ்வளவு நேரம் விடலாம் தம்பி?" என்று கேட்டார்.

"எவ்வளவு நேரமெண்டாலும் விடுங்கோ அண்ணை" என்றேன்.

அது யாரோ ஒருவரின் காராக இருந்திருந்தால், பேசாமல் டிக்கட்டைக் கண்ணாடியில் செருகிவிட்டு அவர் வருமுன்னரே போயிருப்பேன். அவரும் காலுறையோடு நேரே மேலே போய் மனைவியைக் கண்டிருப்பார். இன்றும் யாருக்காவது நல்லது செய்யப் போய், அவரை அவசரப்படுத்த வாயெடுத்தால், ஒரு பெண்ணின் குளிர்ந்த கால்கள் நினைவுக்கு வந்து என்னை நிறுத்திவிடுகின்றன.