ஒட்டி மீனும் சைவ ரீச்சரும்

உயர்தர வகுப்பில் சேர்ந்தபோது, பாடசாலைப் படிவத்தில் தகப்பனின் தொழில் என்ற இடத்தில் 'வியாபாரம்' என்று எழுதினேன். அப்பா பருத்தித்துறையில் கடலுக்குப் போகிறவர். அது வெட்கப்பட வேண்டிய விசயம் என்று வீட்டில் யாரும் சொன்னதில்லை. ஒன்பதாம் வகுப்பில் பக்கத்தில் இருந்தவள் ஒரு நாள் என் புத்தகப் பையை முகர்ந்து பார்த்துவிட்டு, வாங்குப் பலகையில் கொஞ்சம் தள்ளி இருந்தாள். அவ்வளவுதான். அதன் பிறகு காலையில் இரண்டு தடவை சவர்க்காரம் போட்டுக் குளித்தேன். கடைசி வாங்குக்குப் போனேன். விடை தெரிந்தாலும் வாய் திறப்பதில்லை.

உயிரியல் படிப்பிக்க அந்த வருடம் ஒரு புது ரீச்சர் வந்தார். இருபத்தாறு வயதிருக்கும். வட்டுக்கோட்டைப் பக்கத்துத் தோட்டக்காரக் குடும்பம். விடிய வெளிக்கிட்டு இரண்டு பஸ் மாறி வருவார். பரம்பரையாகச் சைவம். முட்டைகூடத் தொட்டதில்லை என்று முதல் நாளே சிரித்துக்கொண்டு சொன்னார்.

மீனின் உள்ளுறுப்புகளைப் படிக்கிற நாள் வந்தது. ஆய்வுகூட உதவியாளர் சந்தையில் வாங்கிய ஒட்டி மீன்கள் நாலைந்தைத் தட்டில் கொண்டுவந்து வைத்தார். ரீச்சரின் முகம் வெளிறிப் போயிற்று. வெளியே போய்க் குழாயடியில் முகத்தைக் கழுவிவிட்டு வந்தார். பிறகு கையை நீட்டி, ஒரு மீனை முதுகோடு சேர்த்துப் பிடிக்கப் போனார்.

என்னை அறியாமல் எழுந்து நின்றுவிட்டேன்.

"தொடாதேங்கோ ரீச்சர். உதின்ரை முள்ளு குத்தினால் கை வீங்கிக் கடுக்கும்."

வகுப்பு முழுவதும் திரும்பிப் பார்த்தது. ரீச்சர் கையை எடுத்துவிட்டு, உமக்கு எப்படித் தெரியும் என்று கேட்டார். பொய் சொல்ல நேரம் இருக்கவில்லை.

"அப்பா கடலுக்குப் போறவர்."

"அப்ப இஞ்சை வாரும். நீர் வெட்டும், நான் பாக்கிறன்."

அவர் உண்மையாகவே ஒரு மாணவியின் கதிரையில் போய் இருந்து கொப்பியைத் திறந்தார். நான் முள்ளுகளை நறுக்கிவிட்டு வயிற்றைக் கீறினேன். குடல் சுருள் சுருளாக வந்தது. அளக்கிற அடிமட்டத்தோடு நீட்டி வைத்தபோது மீனைவிடப் பல மடங்கு நீளம். ஏன் இவ்வளவு நீளம் என்று ரீச்சர் கேட்டார். எனக்குத் தெரியவில்லை. இந்த மீன் என்ன தின்னும் என்று கேட்டார். பாசி தின்னும் என்றேன். அப்பா கடலில் இறக்கும் பொறிக்கூட்டுக்குள் பாசி வைத்துத்தான் ஒட்டி பிடிப்பார். ரீச்சர் எழுந்துபோய்ப் புத்தகத்தை எடுத்து, தாவரம் தின்னும் விலங்குகளின் குடலைப் பற்றிய பந்தியை வாசித்தார். எங்கள் வீட்டில் தெரிந்த ஒன்று அச்சிலும் இருக்கிறது என்று அன்றுதான் கண்டேன். அடுத்த நாள் பாடசாலைக் கந்தோருக்குப் போய், படிவத்தில் எழுதியதை வெட்டித் திருத்தித் தரக் கேட்டேன். கிளாக்கர் ஒன்றும் கேளாமல் திருத்தினார்.

ஒட்டி எந்த மாதத்தில் சினைப்படும் என்று ஒரு நாள் நான் ரீச்சரிடம் கேட்டேன். தனக்குத் தெரியாது என்றார். ஒரு ரீச்சர் அப்படிச் சொல்லி நான் கேட்டதில்லை. வீட்டில் கேட்டு எழுதிக்கொண்டு வரச் சொன்னார். அப்பாவுக்குச் சரியாகச் சொல்லத் தெரியவில்லை. அம்மாவுக்குத் தெரிந்திருந்தது, ஒவ்வொரு நாளும் மீனைக் கீறுவது அவர்தானே. அம்மா சொல்லச் சொல்ல ஒரு கொப்பி நிறைய எழுதினேன். ரீச்சர் அதை வாங்கி வாசித்து, ஓரங்களில் பென்சிலால் கேள்விகள் மட்டும் எழுதித் தந்தார்.

உயர்தரப் பரீட்சையில் மருத்துவத்துக்குப் புள்ளி போதவில்லை. வீடு செத்த வீடு மாதிரிக் கிடந்தது. ரீச்சர் ஒரு சனிக்கிழமை பஸ் ஏறி எங்கள் வீட்டுக்கு வந்தார். பல்கலைக்கழகத்தில் கடற்றொழில் படிக்கலாம் என்றார். கடலுக்குப் போவதற்கும் படிப்போ என்று அப்பா கேட்டார். அவர் கோபப்படவில்லை, களைத்துப்போயிருந்தார். தான் சட்டை போடாமல் வெயிலில் காய்கிறது போதாதோ என்றும் சொன்னார்.

"அண்ணை, நீங்களும் அக்காவும் அறிஞ்சு வைச்சிருக்கிறது ஒண்டும் எங்கையும் எழுதிக் கிடக்கேல்லை. உங்கடை பிள்ளை எழுதட்டும்."

அப்பா அம்மாவைக் கூப்பிட்டார். பிறகு ரீச்சருக்குத் தேத்தண்ணி கொடுக்கச் சொன்னார். அதுதான் சம்மதம்.

இப்போது நான் மீன்வளம் பற்றிய ஆய்வு வேலையில் இருக்கிறேன். முதல் வருடத்தில் ஒரு பிழை விட்டேன். சினை ஒட்டிகளைப் பிடிக்காமல் விடவேண்டிய மாதங்களை, அம்மா சொல்லி எழுதிய கொப்பியைத் திறவாமல் வேறொரு கடலில் செய்த ஆய்வைப் பார்த்து எழுதி, கரையில் ஒரு கூட்டத்தில் வாசித்தேன். மீன் விற்கிற ஒரு பெண் எழும்பி, இங்கே அந்த மாதத்தில் ஒட்டியின் வயிறு சினையில்லாமல் வெறுமையாகத்தான் இருக்கும் என்றார். எனக்குச் சுள்ளென்று வந்தது. படித்தவள் நானா அவரா என்ற எண்ணம் ஒரு கணம் எழுந்ததை மறைக்க மாட்டேன். ஆனால் அடுத்த நாள் காலையில் அவர் மீன் வெட்டும் பலகையடிக்குப் போய் நின்றேன். ஒரு வருடம் அவர் கீறிய மீன்களை அளந்து எழுதினேன். அவர் சொன்னதே சரி. அறிக்கையை மாற்றினேன், என் தவறு என்று மேலதிகாரிக்கும் எழுதினேன். திட்டு விழுந்தது. அந்த ஆய்வில் அந்தப் பெண்ணின் பெயரும் இருக்கிறது.

ரீச்சர் இடமாற்றம் பெற்றுக் கொடிகாமத்துக்குப் பக்கத்தில் ஒரு சின்னப் பாடசாலையில் படிப்பிக்கிறார். சில மாதங்களுக்கு முன், மாணவர்களுடன் கதைக்க வரச்சொல்லிக் கூப்பிட்டிருந்தார். போனபோது வகுப்பில் அவர் இல்லை. மதிலோரத் தென்னையின் கீழ் நின்று, ஒரு மாணவியின் தாய் ஓலையில் படிந்திருந்த வெள்ளை ஈயைக் காட்டி ஏதோ விளக்க, குனிந்து எழுதிக்கொண்டிருந்தார். தலைமயிர் நரைக்கத் தொடங்கியிருந்தது. என்னைக் கண்டதும் முகம் மலர்ந்தது. ஆனால் எழுதுவதை நிறுத்தவில்லை.

"கொஞ்சம் இரும் பிள்ளை. இவ சொல்லி முடிக்கட்டும்."

நான் சைக்கிள்கள் நின்ற பக்கம் நிழலில் ஒதுங்கி நின்றேன்.