அப்பாவின் கன்னத்துக்கு ஒரு கத்தி

பாரிசவாதத்தில் அப்பாவுக்கு வலப்பக்கம் விழுந்து மூன்றாம் நாள் பேச்சு கொஞ்சம் திரும்பியது. ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தபடி அவர் முதலில் கேட்டது தண்ணீர் அல்ல. இடக்கையால் தாடி முளைத்த நாடியைத் தடவிக் காட்டினார். வாய் கோணியிருந்ததால் சொல் வழுகிக்கொண்டு வந்தது.

"சேவ்," என்றார்.

அம்மா என்னைப் பார்த்தா. வீட்டில் அப்பாவை விட்டால் ஆண்கள் இல்லை, மகள் நான்தான். நான் கீழே கடைக்குப் போய் ஒரு பிளாஸ்டிக் றேசர் வாங்கிவந்தேன். அன்று அவருடைய முகத்தில் மூன்று இடங்களில் இரத்தம் வந்தது. இரத்தம் உறையாமல் இருக்க அவருக்குக் குளிசை கொடுத்துக்கொண்டிருந்தார்கள். சின்னக் கீறல்கூட இலேசில் நிற்கவில்லை. தாதி என்னை ஏசினா. நான் தலையைக் குனியவில்லை. "நாளைக்குப் படிச்சுக்கொண்டு வாறன்," என்றேன்.

எதையும் படித்துக்கொண்டு வருவது என் வழக்கம். எங்கள் வீட்டில் அப்பாவும் அம்மாவும் கைநாட்டு. அண்ணை எட்டாம் வகுப்போடு அப்பாவின் மீன்பிடி வள்ளத்தில் ஏறியவர். பல்கலைக்கழகம் போய்வந்து, இன்று பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானம் படிப்பிக்கிறவள் நான் ஒருத்திதான். அதைச் சொல்ல எனக்குக் கூச்சம் இல்லை. வீட்டுக்கு வரும் கடிதங்களை நான்தான் உடைத்து வாசிப்பேன். பதிலையும் நான்தான் எழுதுவேன்.

சேவ் எடுப்பதையும் ஒரு பாடமாகவே எடுத்தேன். சுடுதண்ணீரில் பிழிந்த துணியை முகத்தில் எவ்வளவு நேரம் வைக்கவேண்டும், மயிர் எந்தத் திசையில் சாய்ந்து வளர்கிறது, தோலை எந்த விரலால் எந்தப் பக்கம் இழுக்கவேண்டும் என்று போனில் பார்த்துக் கொப்பியில் குறித்தேன். அப்பாவை வீட்டுக்குக் கொண்டுவந்த பிறகு அவருடைய சொந்த றேசரை எடுத்தேன். பித்தளைப் பிடி, இரண்டு பக்கமும் வெட்டுகிற பிளேட். அமத்தக் கூடாது, றேசரின் பாரமே போதும் என்பது கைக்குப் பிடிபட இரண்டு கிழமை எடுத்தது. அதற்குப் பிறகு ஒரு மாதம் ஒரு துளி இரத்தமும் வரவில்லை. தாதியிடம் போய்க் காட்டவேண்டும் போலிருந்தது.

அப்பா ஏன் இப்படி ஒவ்வொரு நாளும் முகம் வழிக்கவேண்டும் என்று நின்றார் என்பதைச் சொல்லவேண்டும்.

எங்கள் ஆட்களில் ஒரு வீட்டில் சாவு விழுந்தால், அந்த வீட்டு ஆண்கள் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிச் சடங்கு முடியும்வரை சேவ் எடுப்பதில்லை. தாடியைப் பார்த்தே சாவுத் துடக்குள்ள வீடு என்று தெரிந்துகொள்ளலாம். அண்ணை சண்டையின் கடைசி மாதங்களில் போனவர், திரும்பி வரவில்லை. அப்போது எனக்குப் பத்து வயது. அவருக்குப் பத்தொன்பது. பிறகு மரணச் சான்றிதழ் எடுக்கும்படி அலுவலகங்களில் இருந்து கடிதங்கள் வந்தன. அந்தக் கடிதங்களையும் நான்தான் வாசித்துக் காட்டினேன். அப்பா கேட்டுக்கொண்டிருந்துவிட்டு எழும்பிப் போய் முகம் வழிப்பார். கடலுக்குப் போகிற மற்ற ஆண்கள் கிழமைக்கு ஒருக்கால் வழிப்பதே பெரிது. அப்பா ஒரு நாளும் தவறவிடவில்லை. முள் முளைத்த முகத்தோடு ஒருவரும் தன்னைப் பார்க்கக் கூடாது. பார்த்தால் மகன் செத்ததை அப்பன் ஒத்துக்கொண்டான் என்று நினைப்பார்கள். அம்மாவுக்கு வேறு எண்ணம். அவனுக்குச் செய்யவேண்டியதைச் செய்துவிட்டால் அவன் எங்கேயாவது அமைதியாக இருப்பான் என்று அம்மா நினைத்தா. ஒருநாள் வாய்விட்டுக் கேட்டும் விட்டா. அப்பா இரண்டு நாள் சாப்பிடவில்லை. அதற்குப் பிறகு அம்மா கேட்கவில்லை.

வீட்டுக்கு வந்த நாலாவது மாதம் அப்பாவின் முகம் உள்ளே போகத் தொடங்கியது. சாப்பாடு இறங்கவில்லை. கடைவாய்ப் பற்களைப் பிடுங்கியாயிற்று. கன்ன எலும்புக்குக் கீழே ஒரு விரல் கிடக்கும் அளவுக்குப் பள்ளம் விழுந்தது. றேசரின் தலை தட்டை. பள்ளத்தின் இந்தக் கரையிலும் அந்தக் கரையிலும் அது தொட்டுக்கொண்டு போகும். நடுவில் கிடக்கிற மயிரைத் தொடாது. நான் துடைத்து முடித்தவுடன் அப்பாவின் இடக்கை மேலே வரும். நாடி, தாடை, பிறகு பள்ளம். அங்கே விரல் நிற்கும்.

"இது என்ன?"

"கொஞ்சந்தான் அப்பா. ஆருக்கும் தெரியாது."

"எனக்குத் தெரியுது."

திரும்பத் திரும்ப இழுத்தேன். மயிர் போகவில்லை, தோல் போனது. அந்த இடம் சிவந்து நீர் வடிந்தது. பள்ளத்துக்குள் இறங்கக்கூடிய விளிம்பு ஒன்றுதான் உண்டு, அது சலூன்காரர்கள் வைத்திருக்கும் மடக்குக் கத்தி என்று முடிவெடுத்தேன்.

அச்சுவேலிச் சந்தைப் பக்கம் ஒரு சலூனுக்குள் ஏறினேன். சலூன்காரருக்கு அண்ணையின் வயதிருக்கும். கதிரையில் ஒருவர் நுரையோடு இருந்தார். இன்னும் இரண்டு பேர் பேப்பர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பெண் ஒருத்தி உள்ளே வந்ததும் பேப்பர்கள் இறங்கின.

"சவரக்கத்தி ஒண்டு எங்கை வாங்கலாம்?" என்று கேட்டேன்.

நுரைக்காரர் கண்ணாடிக்குள்ளால் பார்த்தார். "ஏன் தங்கச்சி, கலியாணம் கட்டப் போறியளோ? மாப்பிளையை வெருட்டவோ?"

"முதல்ல உங்களில பழகிப் பாப்பமெண்டு யோசிக்கிறன் அண்ணை."

எல்லோரும் சிரித்தார்கள். சலூன்காரர் சிரிக்கவில்லை. விசயத்தைக் கேட்டார். சொன்னேன்.

"குளிசை போடுற மனிசனிலை நீங்கள் கத்தி பழகக் கூடாது தங்கச்சி. நானே வந்து எடுத்துவிடுறன்," என்றவர் கொஞ்சம் நிறுத்தினார். "ஆனா உங்கடை ஊருக்குள்ள நாங்கள் வீடு தேடி வாறது ஒரு விசயத்துக்குத்தான். தெரியுந்தானே?"

தெரியும். செத்த வீட்டுக்கு மட்டும்தான் அவர்கள் பையோடு வருவார்கள். மற்ற நாளெல்லாம் நாங்கள்தான் சலூனுக்குப் போவோம்.

"அதெல்லாம் நான் பாக்கிறேல்லை. நீங்கள் வாங்கோ," என்றேன். படித்தவள் என்ற எண்ணம் என்னை அப்படிச் சொல்லவைத்தது.

சனிக்கிழமை காலை அவர் வந்தார். மோட்டார்சைக்கிளை வாசலில் விட்டுப் பையைத் தோளில் போட்டுக்கொண்டு படலையைத் திறந்தார். அவர் முற்றத்தைத் தாண்ட முன்னமே பக்கத்து வீட்டு மாமி வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்து, "ஐயோ, எப்ப?" என்று நெஞ்சில் அடித்தா. அம்மா குசினியில் இருந்து ஓடிவந்து, பையைக் கண்டதும் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றா. நான் அம்மாவுக்கும் சொல்லியிருக்கவில்லை.

அப்பா கதவுக்கு நேரே கட்டிலில் சாய்ந்திருந்தார். வந்தவர் பையை இறக்கிக் கத்தியையும் துணியையும் எடுத்து வைத்தார். அப்பா அவருடைய கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஆருக்கு?" என்று கேட்டார்.

அம்மா தூணை விட்டு வாசலுக்கு வந்தா. அப்பா என்னைப் பார்க்கவில்லை, அம்மாவைப் பார்த்தார். "ரண்டு பேருமாய் அவனுக்குச் செய்யிறதெண்டு முடிவெடுத்திட்டியளோ?"

"ஐயா, நான் சும்மா சேவ் எடுக்கத்தான் வந்தனான்," என்றார் சலூன்காரர்.

அப்பா முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பினார். நான் கூப்பிட்டும் திரும்பவில்லை. சலூன்காரர் சாமான்களை ஒவ்வொன்றாகத் திரும்பப் பைக்குள் வைத்தார். படலைவரை அவரோடு போனேன்.

"செத்த வீட்டிலையெண்டாலும் ஒரு தேத்தண்ணி தருவினம் தங்கச்சி," என்றார். அவர் பகிடியாகத்தான் சொன்னார். எனக்கு முகம் எரிந்தது.

நான் திரும்பி வர, அப்பா கையைப் பள்ளத்தில் வைத்துக்கொண்டிருந்தார். "இப்பவே வழி," என்றார். புண்ணாய்க் கிடந்த இடத்தில் றேசரை வைத்தேன். இரத்தம் கழுத்துவரை வந்தது. "இன்னும் இருக்கு. வழி," என்றார். அன்றைக்கு நான் முதல்தடவையாக அழுதேன். அம்மா இரத்தம் பட்ட இரண்டு துவாய்களை ஊறப்போட்டா.

திங்கட்கிழமை பள்ளிக்கூடம் விட்டதும் அதே சலூனுக்குப் போய் மன்னிப்புக் கேட்டேன். அவர் பெரிதாக எடுக்கவில்லை. "முதல் உங்களில பழகிப்போட்டு அவரிலை வையுங்கோ," என்றார். லாச்சியைத் திறந்து மூன்று கத்திகளைக் கண்ணாடியின் முன்னால் வைத்தார்.

முதலாவது, பிளேட்டைப் பாதியாக முறித்து உள்ளே செருகுகிறது. இப்போது சலூன்களில் எல்லாம் அதுதான். தீட்டவேண்டியதில்லை, ஒவ்வொரு நாளும் புது விளிம்பு. எனக்கு அதுதான் சரியென்று பட்டது. கையில் எடுத்தபோது ஒரு பேனையளவு பாரமும் இல்லை.

"பாரமில்லாததை நீங்கள் அறியாமலே அமத்துவியள்," என்றார் அவர். "புது பிளேட் சொல்லிப்போட்டுக் கடிக்காது."

இரண்டாவது முழு உருக்குக் கத்தி. அகலமான அலகு, கண்ணாடி மாதிரி மினுக்கம். ஆசையாக இருந்தது. ஆனால் அதன் முனை கூர். என் கை ஒருதரம் நடுங்கினால் அந்த முனை காதில் நிற்கும். மூன்றாவதும் உருக்குத்தான். அலகு ஒடுக்கம், முனை உருண்டை, பிடி கறுத்த கொம்பு. மினுக்கம் இல்லை. என் விரலை வளைத்து ஒரு பள்ளம்போல் பிடித்து, அதற்குள் அதை வைத்துப் பார்த்தேன். இரண்டு கரையையும் தொடாமல் அடியில் போய் இருந்தது.

"இது," என்றேன்.

அவர் அதைக் கல்லில் தீட்டி, தோல்வாரில் இழுத்து, தன் முன்கையில் ஒரு மயிரைத் தொட்டுக் காட்டினார். தோல்வாரில் எப்படி இழுப்பதென்றும் ஒருதரம் காட்டினார். காயம் பட்டால் அழுத்திப் பிடிக்க சீனாக்காரம் என்கிற படிகாரக் கட்டி ஒன்றும் தந்தார்.

ஒரு கிழமை என்னிலேயே பழகினேன். இடக்கையில் நுரையைப் பூசி, முப்பது பாகையில் அலகைச் சாய்த்து, பள்ளிக்கூடம் போக முன்னம் ஒரு துண்டு வழிப்பேன். வகுப்பில் பிள்ளைகள் "மிஸ், ஒரு கையில மட்டும் மயிர் இல்லை," என்று கண்டுபிடித்தார்கள். காலிலும் பழகியபோது முழங்காலுக்குக் கீழே இரண்டு இடத்தில் வெட்டினேன். அந்த நாட்களில் அப்பாவுக்குப் பள்ளத்தை விட்டுவிட்டு மற்ற இடத்தை மட்டும் றேசரால் வழித்தேன். அவர் பள்ளத்தைக் கையால் மூடிக்கொண்டிருந்தார். யாராவது படலையைத் திறந்தால் முகத்தைத் திருப்பினார்.

புண் காய்ந்த பிறகு ஒரு காலையில் கத்தியை எடுத்தேன். தோலைக் காதுப்பக்கம் இழுத்துப் பிடித்தேன். அலகைப் பள்ளத்தின் மேல் கரையில் வைத்து, அதன் பாரத்துக்கு விட்டேன். சின்னச் சத்தம் வந்தது. காய்ந்த மணலில் காலை இழுப்பதுபோல. மூச்சை விட்டேன். இன்னும் இரண்டு இழுவை. துடைத்தேன். இரத்தம் இல்லை. அப்பாவின் கை மேலே வந்தது. நாடி, தாடை, பள்ளம். விரல் அங்கே நிற்கவில்லை. காதுவரை போய்த் திரும்பி வந்தது. நான் அன்று முழுக்க ஒரு சோதனையில் முதலாவதாக வந்தவள் மாதிரி நடந்தேன்.

பன்னிரண்டு நாள் அப்படிப் போனது. பதின்மூன்றாம் நாள் சுடுதண்ணீரைக் கொண்டுபோய் வைத்துத் துணியைப் பிழிந்தபோது அப்பா என் மணிக்கட்டைப் பிடித்தார்.

"இனி வேண்டாம் பிள்ளை."

"ஏன் அப்பா, நோகுதோ?"

"இல்லை. நல்லா எடுக்கிறாய்."

சொற்களைச் சேர்க்க அவருக்கு நேரம் எடுத்தது. நான் காத்திருந்தேன்.

"அண்டைக்கு உவன் பையோடை வந்து நிக்க, எனக்குத்தான் வந்தவனெண்டும் ஒருக்கால் யோசிச்சனான். நானும் போயிட்டால், கொண்ணைக்கு ஆர் செய்யிறது?"

அவருக்குத் தெரியும், அண்ணைக்கு அந்தியேட்டி செய்ய எங்கள் வீட்டில் வேறு ஆண் இல்லை. நான் செய்கிறேன் என்று சொல்ல வாயெடுத்தேன். எத்தனையோ கடிதங்களுக்குப் பதில் எழுதியவள். இதற்கு அப்பாவின் கண்ணைப் பார்த்துச் சொல்ல முடியவில்லை. தண்ணீரைத் திரும்ப எடுத்துக்கொண்டு போய்க் கிணற்றடியில் ஊற்றினேன்.

அம்மாவுக்கு நான் சொல்லவில்லை. மூன்றாம் நாள் சோற்றைக் குழைத்துத் தீத்தப் போன அம்மா, அப்பாவின் முகத்தைப் பார்த்துக் கோப்பையைக் கீழே வைத்தா. முழுக்க வெள்ளை முள். அப்பாவின் தாடி இவ்வளவு வெள்ளை என்று ஆஸ்பத்திரி அவசரத்தில் நாங்கள் இருவரும் கவனித்திருக்கவில்லை.

"ஏன் இவருக்கு எடுக்கேல்லை?" என்று என்னைக் கேட்டா.

"வேண்டாமாம்."

அம்மா கட்டிலின் காலைப் பிடித்துக்கொண்டு நிலத்தில் இருந்தா. முதலில் சத்தம் வரவில்லை. பிறகு வந்தது. அண்ணை போன நாளில் இருந்து அம்மா அப்படி அழுததில்லை. அழ அப்பா விடவில்லை. இப்போது அப்பா தடுக்கவில்லை. இடக்கையை அம்மாவின் தலையில் வைத்துக்கொண்டு கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அயலில் இருந்து பெண்கள் வரத் தொடங்கினார்கள்.

அந்தியேட்டிக்கு நாள் எண்ணவேண்டும். அண்ணைக்கு நாள் இல்லை. நாள் தெரியாதவர்களுக்கு அமாவாசையைப் பிடிப்பது வழக்கம் என்று ஐயர் சொன்னார். அம்மா ஒத்துக்கொள்ளவில்லை. அப்பா சேவ் வேண்டாமென்று சொன்ன அந்த நாள்தான் தன் பிள்ளையின் நாள் என்றா. அதிலிருந்து முப்பத்தொன்று எண்ணும்படி என்னிடம் சொன்னா.

பஞ்சாங்கத்தை எடுத்துத் திதியைப் பார்த்தேன். ஒரு கடதாசியில் அண்ணையின் பெயர், மாதம், திதி என்று தெளிவாக எழுதினேன். அப்பா கையை நீட்டினார். கொடுத்தேன். அவர் அதைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். நான் அதை நேராக்கிக் கொடுக்கவில்லை.