இடப்பக்கம் விழுந்த பந்துகள்

எங்கள் தோட்டத்தில் மூடப்பட்டுவிட்ட தேயிலைத் தொழிற்சாலையின் மேல்தளத்தில், முன்பு கொழுந்து வாட்டிய இடத்தில், மாலை வேளைகளில் பூப்பந்து ஆடுவோம். கூரை தாழ்ந்தது, பந்தை உயரத் தூக்கினால் தகரத்தில் மோதும். ஆகவே அடிகள் யாவும் வலையை ஒட்டியே பாயும். பந்தைக் கண்டபின் நகர்பவன் அங்கே தோற்பான். எதிராளி மட்டையை வீசுமுன் அவனுடைய தோளும் முழங்கையும் எப்பக்கம் சாய்கின்றன என்று நோக்கியே நான் நகர்வேன். ஓய்வுபெற்ற ஆசிரியனின் முழங்கால்களுக்கு வேறு வழியில்லை.

என்னைத் தொடர்ந்து வென்றுவந்தவர் ஒருவரே: தோட்டத்துப் பிள்ளைகளை நாள்தோறும் அட்டன் நகரப் பாடசாலைக்கு ஏற்றிச் செல்லும் வேன் சாரதி. என்னிலும் பத்து வயது இளையவர். ஒரு மாலை அவருடைய தோளசைவைக் கூர்ந்து கவனிக்கையில், இடப்பக்கம் வரும் பந்துக்கு அவர் விழியைத் திருப்பாமல் முகத்தையே திருப்புவதைக் கண்டேன். மறுநாள் சோதித்தேன். அப்பக்கம் தாழ்வாக அடித்த ஆறு பந்துகளில் ஒன்றையேனும் அவர் உரிய நேரத்தில் காணவில்லை. இடக்கண் மங்கியிருந்தது. அந்தக் கண்ணோடுதான் மலை வளைவுகளில் வேன் ஓட்டுகிறார் என்பதும் அப்போதே விளங்கியது. எவரிடமும் சொல்லவில்லை. மூன்று மாதங்கள் வென்றேன்.

தைப்பொங்கல் விளையாட்டுப் போட்டியின் இறுதி ஆட்டம் எங்கள் இருவருக்கும் அமைந்தது. தொழிலாளர் வரிசை வீடுகளான லயங்களின் குடும்பங்கள் சுவரோரம் அமர்ந்திருந்தன. வெற்றி உறுதியான பின்னரும் ஒவ்வொரு பந்தையும் இடப்பக்கமே அனுப்பினேன். அவர் மட்டையால் காற்றைத் துழாவினார்.

“என்னா டிரைவர் அண்ணே, கொசுவா அடிக்கிறீங்க?”

“பந்த ஹோர்ன் அடிச்சிக்கிட்டு வரச் சொல்லவாண்ணே?”

கூடம் சிரித்தது. இரண்டு பிள்ளைகளை அந்த வேனில் அனுப்பும் தாய் ஒருத்தி மட்டும் சிரிக்கவில்லை.

“ஏக்கா, இவருக்கு அந்தப் பக்கம் கண்ணு தெரியலயா?” என்று அருகிலிருந்தவளிடம் உரக்கவே கேட்டாள்.

சிரிப்பு அறுந்தது. அடுத்த பந்தையும் அங்கேயே போட்டேன்.

திங்கட்கிழமை ஒரு பிள்ளையும் வேனில் ஏறவில்லை. அன்று மாலை அவர் என் வாசலில் வந்து நின்றார்.

“சேர், உங்களுக்கு எப்பயிருந்து தெரியும்?”

“மூணு மாசமா.”

“தனியா கூப்புட்டு ஒரு வார்த்த சொல்லியிருந்தா, நானே வேன நிறுத்திட்டு ஆஸ்பத்திரிக்குப் போயிருப்பேனே சேர். இனி எவன் என்ன நம்பிப் புள்ளைய ஏத்துவான்?”

“சொல்லியிருந்தா நீங்க ஆட வந்திருக்க மாட்டீங்களே தம்பி” என்றேன்.

அடுத்த மாதமே வேனை விற்றுவிட்டுக் கொழும்பில் மகள் வீட்டுக்குப் போய்விட்டார். வெறும் கண்புரைதானாம், அறுவைச் சிகிச்சைக்குப் பின் பார்வை நன்றாகத் திரும்பிவிட்டதாம். அச்செய்தியைக் கேட்டபோது, அவர் மீண்டும் ஆட வந்தால் தோற்றுவிடுவேன் என்பதே எனக்கு முதலில் தோன்றியது.